பிளம் வில்லேஜ் துறவிகளுடன் ஒருநாள் முகாம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியட்நாமியப் பௌத்தத் துறவி திக் நாட் ஹான் 1982இல் தென்மேற்குப் பிரான்ஸில் தொடங்கிய துறவியர் மடமும் தியான மையமும்தான் பிளம் வில்லேஜ். அவர் 2022இல் மறைந்துவிட்டார். அவருடைய சீடர்கள் பல நாடுகளுக்கும் போய் தியான முகாம்களை நடத்திவருகிறார்கள்.

நம்மவர்கள் பலரும் கோயங்கா வழி விபாசனா தியானத்தை மனதில் வைத்துக்கொண்டு இதற்குப் போகிறார்கள். நாள் முழுக்கக் கண்மூடி உட்காரலாம் என்று போனால், கையசைத்துப் பாட்டுப் பாடச் சொல்வார்கள். 'இதென்ன எல்கேஜி வகுப்பா' என்று முகம் சுளிக்க வேண்டாம். இங்கே பாடுவது, நடப்பது, சாப்பிடுவது, படுப்பது எல்லாமே பயிற்சிதான்.

மணி ஒலித்தால் பேச்சையும் வேலையையும் நிறுத்திவிட்டு மூன்று மூச்சு கவனிப்பார்கள். 'இதை மட்டும் முடிச்சிடறேன்' என்று கரண்டியோடு நகர்வது புதியவர்கள் தவறாமல் செய்வது. (மண்டபத்தில் யாருடைய போன் அடித்தாலும் அதையும் மணியாகவே எடுத்துக்கொண்டு மூச்சைக் கவனிப்பவர்கள் இவர்கள். அதற்காகப் போனை அணைக்காமல் விடாதீர்கள்.)

சாப்பாடு முழுக்கத் தாவர உணவு. பால், தயிர் இருக்காது. தட்டை வாங்கியதும் கை வைத்துவிடக் கூடாது. எல்லோரும் உட்கார்ந்து, மணி ஒலித்து, உணவு பற்றிய ஐந்து சிந்தனைகளை வாசித்த பிறகே முதல் கவளம். பேச்சு கிடையாது.

அடுத்து, படுத்தபடி செய்யும் ஆழ்ந்த தளர்வுப் பயிற்சி. தூக்கம் வந்துவிடுமோ என்று தன்னைத்தானே கிள்ளிக்கொண்டு கிடப்பவர்கள் உண்டு. தூங்கினால் தூங்குங்கள், குறட்டை வந்தால் பக்கத்தில் இருப்பவர் மெல்லத் தொடுவார். ஒரு போர்வை கொண்டுபோங்கள்.

துறவிகளைப் பார்த்ததும் காலில் விழ வேண்டியதில்லை. கைகூப்பித் தலை தாழ்த்தினால் போதும். பிரதர், சிஸ்டர் என்றே கூப்பிடலாம். பெண் துறவியான பிக்குணி பக்கத்திலேயே இருக்க, சந்தேகம் கேட்க ஆண் துறவியான பிக்குவைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இந்த மரபில் பிக்குணிகளும் தம்ம உரை (புத்தரின் போதனை பற்றிய உரை) நிகழ்த்தும் ஆசிரியர்களே. கேள்வி நேரத்தில் 'ஆத்மா உண்டா இல்லையா' என்று படித்ததைக் காட்டவும் வேண்டாம். வீட்டில் மகனோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால் அதைக் கேளுங்கள். அவர்கள் எதிர்பார்ப்பதும் அப்படிப்பட்ட கேள்வியைத்தான்.

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம், சிறு குழுவாக வட்டமாக உட்கார்ந்து பகிர்ந்துகொள்ளும் நேரம். பேச விரும்புபவர் கைகூப்புவார், மற்றவர்களும் கைகூப்புவார்கள். அவர் பேசி முடித்து மறுபடி கைகூப்பும்வரை குறுக்கே ஒரு வார்த்தை கூடாது. முடித்த பிறகும் பதில் சொல்லக் கூடாது. ஒருவர் தூக்கமில்லை என்றால் உடனே வைத்தியம் சொல்வதும், கணவரை இழந்தவரிடம் 'எல்லாம் விதிம்மா' என்பதும் நமக்குப் பழகிப்போனவை. இங்கே அதற்கு இடமில்லை. உங்கள் முறை வரும்போது உங்கள் அனுபவத்தை மட்டும் சொல்லுங்கள். சொல்ல எதுவும் இல்லையென்றால் சும்மா இருக்கலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

வட்டத்தில் கேட்டது வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் பெயர் சொல்லாமல் எழுதுவதும் இதில் சேரும். தேநீர் இடைவேளையில் அவரையே பிடித்து 'நீங்க சொன்னீங்களே, அது...' என்று தொடங்குவதும் தவறுதான். அதைப் பற்றிப் பேசலாமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.