மார்சிபான் பொம்மையும் பூவும்: கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்க்கக் களிமண் மாதிரி இருப்பதால், பேஸ்ட்ரி வகுப்பில் மார்சிபானைக் கையில் வாங்கியதும் பலரும் போட்டுப் பிசையத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். மார்சிபான் என்பது அரைத்த பாதாமும் சர்க்கரையும். பாதாமின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். கைச்சூட்டில் பிசையப் பிசைய அந்த எண்ணெய் பிரிந்து வெளியே வரும், உருட்டினால் வெடிக்கும். வெடிப்பைப் பார்த்ததும் 'காய்ந்துபோச்சு' என்று நினைத்து இன்னும் பிசைந்தால் நிலைமை மோசமாகும்.

வெடித்த இடத்தை உற்றுப் பாருங்கள். பளபளவென்று மினுங்கினால் எண்ணெய்க் கசிவு; மங்கலாக, பொருபொருவென்று உதிர்ந்தால் உண்மையிலேயே காய்ந்திருக்கிறது. எண்ணெய் லேசாகக் கசிந்திருந்தால் பிசைவதை நிறுத்திவிட்டு, சில துளி குளுக்கோஸ் சிரப் விட்டு மடித்து, மூடி, ஆற விடுங்கள். கையைக் குளிர்ந்த நீரில் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். காய்வதைத் தடுப்பது எளிது: கையில் இருக்கும் உருண்டையைத் தவிர மற்றதெல்லாம் பிளாஸ்டிக் தாளுக்குள் இருக்கட்டும்.

ஒட்டுகிறதே என்று ஐசிங் சுகரை அள்ளிக் கொட்டாதீர்கள், இறுகிவிடும். விரல் நுனியில் தொட்டுக்கொள்ளும் அளவு போதும். நிறத்துக்கு ஜெல் கலர்தான் சரி. தண்ணீரான கலர் சர்க்கரையைக் கரைத்துப் பிசுபிசுப்பாக்கும். பாதாமுக்கே ஒரு மஞ்சள் சாயல் உண்டு, அதனால் நீலம் கலந்தால் பச்சைப் பக்கம் சாயும். சின்னத் துண்டில் கலந்து பார்த்துவிட்டு மொத்தத்திலும் சேருங்கள்.

ரோஜாவில்தான் பொறுமை வேண்டும். இதழ் முழுவதையும் ஒரே தடிமனாகத் தட்டினால் அது பூவாகவே தெரியாது. உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, மேல் விளிம்பை மட்டும் கட்டைவிரலால் தேய்த்து மெல்லியதாக்குங்கள். அடிப்பக்கம் தடிமனாகவே இருக்கட்டும், இதழை நிற்க வைப்பது அதுதான். முதல் இதழ், பூவின் நடுவில் நிற்கும் மார்சிபான் கூம்பின் நுனியை முழுசாக மூட வேண்டும். அப்புறம் வரும் ஒவ்வொன்றும் முந்தையதன் பாதியில் தொடங்கட்டும். பாதாம் துகள் இருப்பதால், பாதாம் சேராத சர்க்கரை மாவான சுகர் பேஸ்ட் அளவுக்கு மெலிதாக இது வராது. அந்த மெலிவைத் துரத்திக் கிழித்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் சதைப்பற்றான இதழே மார்சிபானுக்கு அழகு என்பது என் எண்ணம்.

பொம்மை என்றால், எந்த உறுப்பையும் வெடிப்பில்லாத உருண்டையிலிருந்தே தொடங்குங்கள். உருண்டையில் இருக்கும் கோடு மூக்கிலும் காதிலும் அப்படியே தெரியும். உடம்பு இறுகும் முன் தலையை வைத்தால் கீழே அமுங்கி, கழுத்தே காணாமல் போகும். உடம்பைச் சில மணி நேரம் தனியே விட்டு, பிறகு ஒரு பொட்டு வெள்ளைக்கரு தடவி ஒட்டுங்கள். உள்ளே தாங்கலுக்குப் பல்குச்சி வைக்காதீர்கள், சாப்பிடுகிறவர் வாயில் குத்தும். சமைக்காத ஸ்பகெட்டித் துண்டு போதும்.

முடித்த பொம்மையை ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்த்து, வரைந்த கண்ணும் வாயும் கன்னத்தில் வழியும்.