பட்டப்படிப்பில் போலீஸ் வேலையைக் கணக்கில் சேர்ப்பது எப்படி?

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் (பாடங்களை முடித்தால் கிடைக்கும் மதிப்பலகு) வேண்டும். நியூ ஜெர்சியில் பதினொரு ஆண்டுகள் ரோந்துக் காரில் சுற்றிய நான், அத்தனையையும் வகுப்பில் உட்கார்ந்தே சேர்க்க வேண்டியதில்லை என்பதைத் தாமதமாகத்தான் அறிந்தேன்.

முதலில் போலீஸ் அகாடமியிடம், பாடத்திட்டமும் பயிற்சி மணிநேரமும் குறித்த பதிவேட்டு நகலைக் கேளுங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழ் போதாது. நான் அதைத்தான் கண்ணாடிச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு போனேன்! அப்பயிற்சியை அமெரிக்கக் கல்விக் கவுன்சில் மதிப்பிட்டு, இத்தனை கிரெடிட் தரலாம் என்று பரிந்துரைத்திருந்தால் நல்லது. ஆனாலும் அதன் பரிந்துரையை ஏற்பது கல்லூரியின் விருப்பம்.

பணி அனுபவத்தில் ஆண்டுக் கணக்கு செல்லாது. கற்றதைக் காட்ட வேண்டும். தாமஸ் எடிசன் மாநிலப் பல்கலைக்கழகம் போன்றவை அதற்கான ஆவணத் தொகுப்பை மதிப்பிடுகின்றன. விபத்து அறிக்கைகளை இணைப்பதானால் மேலதிகாரியின் அனுமதி பெற்று, பெயர்களை மறைத்துவிடுங்கள். கட்டணம் கட்டுமுன், கிடைக்கும் கிரெடிட் முதன்மைப் பாடத்தில் சேருமா, விருப்பப் பாடத்திலா என்று எழுத்தில் வாங்குங்கள்.