பெரிய மரப் பலகை: வாங்குவதும் வளையாமல் வைத்திருப்பதும்

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு எங்கள் வீட்டு அரிவாள்மனை பரணுக்குப் போய்விட்டது. அறுபது வயது வரை உட்கார்ந்தே அரிந்த கை, மேடை முன்னால் நின்று கத்தியால் நறுக்கப் பழக வேண்டியதாயிற்று. அப்போது வீட்டில் இருந்தது நோட்டுப் புத்தக அளவில் ஒரு பிளாஸ்டிக் பலகை. முட்டைக்கோஸை அதில் வைத்து நறுக்கினால் பாதி பலகையில் இருக்கும், பாதி அடுப்புக்கு அடியில் கிடக்கும். "இதுக்கு என் அருவாமனையே தேவலை" என்று அம்மா முணுமுணுத்த ஒரு நாளில், பெரிய மரப் பலகை ஒன்று வாங்கிவந்தேன். மூன்றே வாரத்தில் அது வளைந்து, மேடையில் வைத்துத் தொட்டால் பம்பரம் போலச் சுற்றியது.

அதை நிமிர்த்திய விதத்தையும், அதற்குப் பிறகு வளையாமல் வைத்திருக்கும் விதத்தையும்தான் எழுதப்போகிறேன். கத்தி பிடிப்பது, வெங்காயம் பொடியாக அரிவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. மேடையை விடுங்கள், சிங்கை அளந்து பாருங்கள்

பலகை வாங்குகிறவர்கள் சமையல் மேடையை அளப்பார்கள். கழுவும் இடத்தை அளப்பதில்லை. நான் முதலில் ஆசைப்பட்டது 24க்கு 18 அங்குலம். எங்கள் சிங்கின் உள்ளளவோ 21க்கு 16. அந்தப் பலகை சிங்குக்குள் அடங்காது. கழுவினால் தண்ணீர் முழுக்க மேடையில்தான் ஓடும்.

ஒரு அட்டைப்பெட்டியைப் பலகை அளவுக்கு வெட்டி இரண்டு நாள் மேடையில் போட்டு வையுங்கள். மிக்ஸிக்கு இடம் இருக்கிறதா, அடுப்பின் சூடு படுகிறதா, சிங்குக்குள் சாய்ந்து நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். நான்கைந்து பேருக்குச் சமைக்கிற வீட்டுக்கு 18க்கு 12 அங்குலம் போதும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் சாப்பிடுவார்கள் என்பதால் 20க்கு 15 வாங்கினேன். கனம் ஒன்றரை அங்குலம். தேக்கில் இந்த அளவு ஏறக்குறைய 5 கிலோ வரும். ஒரு கையால் தூக்க முடியாததை வாங்காதீர்கள். தூக்க முடியாத பலகையை யாரும் நிமிர்த்தி வைப்பதில்லை. அது ஏன் முக்கியம் என்று 5ஆவது படியில் வரும்.

2. மரம்

என் ஓட்டு தேக்குக்கு. அதில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, தண்ணீரை எளிதில் குடிக்காது. மரத்தில் இருக்கும் சிலிக்காவால் கத்தியின் கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும், அவ்வளவுதான். வாங்கும்போது வைரம் பாய்ந்த பழுப்புப் பகுதியா என்று பாருங்கள். ஓரத்தில் வெளிறிய வெண்மரம் ஓடினால் அந்த இடம்தான் முதலில் கெடும்.

வேம்பு பரவாயில்லை, முதல் சில வாரம் வாசம் இருக்கும். மாமரம் மலிவு, ஆனால் பூச்சி துளைக்கும். மூங்கில் பலகை எனக்குப் பிடிக்காது. அது மரமே அல்ல, புல். மெல்லிய கீற்றுகளைப் பசையால் ஒட்டிச் செய்வது. கத்தி வைத்தால் கல்லில் வைத்தது போல இருக்கும்.

புளியங்கட்டையைப் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பீர்கள். கறிக்கடையில் இருக்கிறதே, அதுதான். பக்ரீத் நெருங்கும்போது சாலையோரம் அடுக்கி விற்பதையும் பார்த்திருப்பீர்கள். அடிமரத்தைக் குறுக்கே வட்டமாக அறுத்தது என்பதால் நார்கள் மேல்நோக்கி நிற்கும். கத்தி நாரை அறுக்காமல், துடைப்பக் குச்சிகளுக்கு நடுவே விரல் போவது போல உள்ளே இறங்கும். அதனால் சிராய் எழும்பிக் கறியில் ஒட்டாது. எலும்பு வெட்ட அதற்கு ஈடு இல்லை. ஆனால் முழு வட்டமாக அறுத்த மரம் காயும்போது வளையத்தை ஒட்டிய திசையில் அதிகமாகவும், நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் திசையில் குறைவாகவும் சுருங்கும். அதனால் வெடிக்காமல் இருப்பது அபூர்வம். கீரையும் கொத்தமல்லியும் நறுக்க அது வேண்டாம்.

இன்னொரு விஷயம். "ஒட்டு இல்லாத ஒரே பலகை" என்று சொல்லி விற்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். 15 அங்குல அகலத்துக்கு ஒரே பலகை என்றால் அது வளைவதற்கென்றே செய்த பலகை. இரண்டு மூன்று அங்குலச் சட்டங்களைப் பக்கவாட்டில் ஒட்டியதுதான் நேராக நிற்கும். தச்சரிடம் செய்யச் சொன்னால் தண்ணீரில் இளகாத பசையைப் போடச் சொல்லுங்கள். சாதாரண வெள்ளைப் பசை ஒரு மழைக்காலம் தாங்காது. பழைய கதவு, உத்தரத்துத் தேக்கில் செய்து தருகிறேன் என்று சொன்னால், பெயின்ட் அடித்திருந்த மரமா என்று கேளுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அது வேண்டாம்.

3. எண்ணெய் விடுதல்

புதுப் பலகையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அமுங்கியிருந்த நார்கள் எழும்பிச் சொரசொரப்பாகும். 220ஆம் எண் உப்புத்தாளால் மர ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். ஒரு முறை போதும், விரல் வழுக்கும்.

அப்புறம் எண்ணெய். நான் முதலில் தடவியது நல்லெண்ணெய். வீட்டில் இருந்ததே, வேறென்ன. இருபது நாளில் பலகையிலிருந்து பழைய விளக்குத்திரி மாதிரி சிக்கு வாடை வந்தது. வெள்ளரிக்காய் நறுக்கினால் வெள்ளரிக்காயிலும் அதே வாடை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எதுவும் ஆகாது. மரத்துக்குள் போய்க் காற்றுப்பட்டுக் கெட்டுவிடும்.

மருந்துக்கடையில் லிக்விட் பாரபின் ஐ.பி. என்று கேளுங்கள். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற, நிறமும் மணமும் இல்லாத எண்ணெய். அது கெடாது. பலகையின் இரண்டு முகத்திலும், நான்கு ஓரத்திலும் தாராளமாகத் தடவி, இரவு முழுவதும் நிமிர்த்தி வையுங்கள். காலையில் மிச்சத்தைத் துடையுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாக முதல் மாதம் நான்கு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை. குறுக்கே அறுத்த இரண்டு முனைகள்தான் அதிகம் குடிக்கும், அங்கே இன்னொரு கை கூடுதலாக. போதுமா என்று தெரிய, நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். தாமரை இலையில் போல உருண்டு நின்றால் போதும். பரவிக் கருத்தால் பலகைக்கு இன்னும் தாகம்.

தேன்மெழுகு கிடைத்தால் ஒரு பங்கு மெழுகுக்கு நாலு பங்கு பாரபின் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி ஆறவிடுங்கள். நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம். இந்தக் குழம்பை எண்ணெய்க்கு மேல் பூசினால் தண்ணீர் இன்னும் ஒட்டாது. மார்த்தாண்டம் பக்கம் யாராவது போனால் தேனோடு மெழுகும் வாங்கி வரச் சொல்லுங்கள்.

4. நறுக்கும்போது

பலகை வழுக்கக் கூடாது. ஈரத்துணியை அடியில் விரிக்கச் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் நறுக்கி முடித்ததும் துணியை எடுக்க மறந்துவிடுவோம். அலமாரியில் விரிக்கிற ரப்பர் வலையில் ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள். ரப்பர் கால் திருகிய பலகை எனக்கு வேண்டாம். திருப்பிப் போட முடியாது.

திருப்பிப் போடுவது எதற்கு என்றால், ஒரு முகம் வெங்காயம், பூண்டு, இஞ்சிக்கு. மறு முகம் பழத்துக்கு. பழ முகத்தின் மூலையில் சூடு வைத்து ஒரு புள்ளி இட்டிருக்கிறேன். பூண்டு வாசத்தோடு மாம்பழம் தின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நறுக்கியதை வாணலியில் தள்ள கத்தியின் முதுகைப் பயன்படுத்துங்கள், கூர்ப் பக்கத்தை அல்ல. எங்கள் வீட்டில் முனை நேராக இருக்கும் பழைய தோசைத் திருப்பிதான் அதற்கு.

கறி, மீனுக்குத் தனியாக ஒரு சிறிய பலகை. மரத்தில் கிருமி தங்கும், பிளாஸ்டிக்தான் சுத்தம் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளிவரும் அவருடன் இருந்தவர்களும் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வில் வேறு மாதிரித் தெரிந்தது. மரத்தில் விட்ட பாக்டீரியா உள்ளே இழுக்கப்பட்டுப் பெருகாமல் மெல்லச் செத்தது. கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக்கிலிருந்து அதைக் கையால் கழுவி எடுப்பதுதான் கடினமாக இருந்தது. அதற்காகக் கோழி வெட்டிய பலகையைக் கழுவாமல் வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

5. கழுவி நிறுத்துவது (நான் விழுந்த குழி)

என் பலகையை எப்படிக் கெடுத்தேன் என்று சொல்கிறேன். மேல்முகத்தை மட்டும் சோப்பு போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, அப்படியே கிரானைட் மேடையில் படுக்க வைப்பேன். மேல்முகம் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். வழிந்த தண்ணீர் அடியில் போய், கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே இரவு முழுக்க நிற்கும். ஈரம் குடித்த மரம் குறுக்குவாட்டில் உப்பும், நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. அடிமுகம் உப்பி, மேல்முகம் உப்பாமல் இருந்தால் பலகை வயிறு தள்ளாமல் என்ன செய்யும்?

வளைந்ததும் பதறிப்போய் அதை மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். அதுவும் குழிந்த முகம் மேலே பார்க்க. ஏற்கெனவே காய்ந்திருந்த முகம் இன்னும் காய்ந்து சுருங்க, மாலையில் பார்த்தால் குழி அதிகமாகியிருந்தது. அடுத்த நாள் கவிழ்த்துப் போட்டு மேலே அம்மிக் குழவியை வைத்தேன். குழவி இருக்கும்வரை நேராக இருந்தது. எடுத்ததும் பழைய கதை.

கடைசியில் எங்கள் தெருவில் கதவு மாட்ட வந்த தச்சரிடம் காட்டினேன். விரல் நகத்தால் இரண்டு முகத்தையும் சுரண்டிப் பார்த்தார். "தம்பி, இந்தப் பக்கம் தண்ணி குடிச்சிருக்கு, அந்தப் பக்கம் குடிக்கல. குடிக்காத பக்கத்துக்கும் குடுங்க." அவ்வளவுதான் வைத்தியம்.

குழிந்த முகம் கீழே வரும்படி, நன்றாகப் பிழிந்த ஈரத்துண்டின் மேல் பலகையைக் கவிழுங்கள். வயிறு மேலே பார்க்கும். இரவு வைத்துக் காலையில் பாருங்கள். நேராகிக்கொண்டு வந்தால் துண்டை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிமிர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் இன்னொரு இரவு. அதிக நேரம் விட்டால் எதிர்ப்பக்கம் வளையும், நான் அதையும் செய்தேன். நிமிர்ந்து நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய், இரு முகத்திலும்.

ஆக, தினமும் செய்ய வேண்டியது இது. நறுக்கி முடித்ததும் இரண்டு முகத்தையும் நனைத்துக் கழுவுங்கள், ஒரு முகத்தை மட்டும் பயன்படுத்தியிருந்தாலும்கூட. சிங்கில் ஊற வைக்காதீர்கள். துடைத்து, குறுகிய ஓரத்தில் நிமிர்த்திச் சுவரோடு சாயுங்கள். சுவரோடு முழு முகமும் ஒட்டக் கூடாது, மூன்று விரல் இடைவெளி வேண்டும். வெயில் வேண்டாம், காற்று போதும்.

என் பலகை ஒரே துண்டு என்பதால் ஐப்பசி மழையில் மறுபடி லேசாக வளைந்தது. அதே தச்சர் அதை நீளவாட்டில் ஆறு சட்டமாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டி, இழைத்துக் கொடுத்தார். ஒரு சட்டம் மேலே வளையப் பார்த்தால் பக்கத்துச் சட்டம் கீழே இழுக்கும். அகலம் ஓர் அங்குலம் போனது, வளைவு அதற்குப் பிறகு வரவில்லை.

பின்சேர்க்கை: ஒருவர் மருந்துக்கடையில் பாரபின் கேட்டு, கிடைத்ததைப் பலகையில் தடவினால் வெள்ளையாகப் படிகிறது, இனிப்பு வாசம் வேறு வருகிறது என்று எழுதியிருந்தார். அவருக்குக் கொடுத்தது பாரபினோடு மில்க் ஆஃப் மக்னீசியா கலந்த மருந்து. பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள். பால் போல இருந்தால் அது வயிற்றுக்கு, தண்ணீர் போலத் தெளிவாக இருந்தால் பலகைக்கு. தடவியிருந்தால் வெந்நீரால் கழுவி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு மறுபடி தொடங்குங்கள்.

இன்னொன்று: மஞ்சள் கறை போகவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கல்லுப்பும் எலுமிச்சை மூடியும் வைத்துத் தேய்த்தால் வாசம் போகும், மஞ்சள் அவ்வளவாகப் போகாது. மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும். இதற்கு மட்டும் வெயிலில் வைக்கலாம், ஆனால் அரைமணிக்கு ஒரு முறை திருப்பி விடுங்கள். பலாப்பழம் அரிவதாக இருந்தால் முதலில் பலகையிலும் கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பால் ஒட்டாது. முடிந்ததும் சோப்புப் போட்டு அந்த எண்ணெயைக் கழுவிவிட வேண்டும். அம்மா பலாப்பழத்துக்கு மட்டும் இன்னும் பரணிலிருந்து அரிவாள்மனையை இறக்கச் சொல்கிறார்.