போனை 'வைக்கிறோம்', அவர்கள் ஏன் 'ஹேங் அப்' செய்கிறார்கள்?

ஆங்கிலம் பேசப் பழக என்னிடம் வரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது இதுதான்: மரபுத்தொடர்ப் பட்டியலை உருப்போடாதீர்கள். வீட்டில் அறுபதைத் தாண்டியவரிடம் உட்கார்ந்து, அவர் காலத்துப் பொருள் ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். தினமும் காதில் விழும் பல ஆங்கிலத் தொடர்கள் அந்தப் பழைய பொருள்களிலிருந்து வந்தவை. பொருள் கண்ணில் பட்டால் தொடர் மறக்காது.

தொலைபேசியிலிருந்து தொடங்குங்கள். என் மாமனார் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். போன மாதம் ஒரு கல்லூரி மாணவனை அவர் பக்கத்தில் உட்கார வைத்தேன். "டிரங்க் கால்னா என்ன தாத்தா?" என்றான். எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்து வெளியூருக்குப் பேசும் அழைப்பு அது என்றார். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று வகை இருந்ததையும், பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்ததையும் சொன்னார். "நடுவுல கிராஸ் டாக் விழும் தம்பி. எவனோ நெல்லு விலை பேசுவான், நம்மாளு அவனுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருப்பாரு."

அங்கே நான் குறுக்கிட்டேன். 'வி காட் அவர் வயர்ஸ் கிராஸ்ட்' என்றால் இதுதான்: ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் வேறொன்றாக எடுத்துக்கொள்வது. அன்றைக்கே சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு உண்மையான வாக்கியம் சொல்லச் சொன்னேன். அம்மா எட்டு மணி என்றது காலையை, இவன் நினைத்தது இரவை. 'மை மதர் அண்ட் ஐ காட் அவர் வயர்ஸ் கிராஸ்ட்.' அந்த வாக்கியத்தை அவன் இனி மறக்கமாட்டான்.

'ஹேங் அப்' இன்னும் அழகு. ஆரம்பகாலப் போனில் காதில் வைக்கும் பாகத்தைப் பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டுவார்கள். நம் வீட்டுப் போனில் ரிசீவரை மேலே வைத்தோம், அதனால் "போனை வைக்கிறேன்" என்கிறோம். இன்று மாட்டவும் ஒன்றுமில்லை, வைக்கவும் ஒன்றுமில்லை. சொல் மட்டும் இரண்டு மொழியிலும் நிற்கிறது. ஒரு எச்சரிக்கை: 'ஷி ஹங் அப்' என்றால் போனை வைத்தாள், அவ்வளவுதான். 'ஷி ஹங் அப் ஆன் மி' என்றால் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வெடுக்கென வைத்துவிட்டாள். அந்தச் சின்ன 'ஆன்'தான் கோபத்தைச் சுமக்கிறது.

டைப்ரைட்டிங் படித்த அத்தை இருந்தால் கார்பன் தாளைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு தாளுக்கு நடுவில் அதை வைத்து அடித்தால், அடியில் உள்ள தாளிலும் அதே எழுத்து பதியும். 'ஷி இஸ் எ கார்பன் காப்பி ஆஃப் ஹெர் மதர்': அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். 'ப்ரோக்கன் ரெக்கார்ட்' நமக்குப் புதிதே இல்லை, கீறல் விழுந்த ரெக்கார்டுதான். 'பேக் இன் மை டே' என்று பெரியவர் தொடங்கும்போது அது 'டே', 'டேஸ்' அல்ல என்பதையும் கவனியுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு தொடர் போதும். அப்புறம், பேச்சு ஒருவழிப் பாதையாக இருக்கக் கூடாது. பெரியவருக்கும் இன்றைய தொடர் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். அந்த மாணவன் 'ஐ டோன்ட் ஹேவ் தி பேண்ட்வித்' என்பதைச் சொன்னான்: இதையும் இழுத்துப் போட்டுக்கொள்ள எனக்கு நேரமோ தெம்போ இல்லை. மாமாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "ஒரு கேபிள்ல எத்தனை கால் போகும்னு கணக்கு இருக்குல்ல, அதுதானே தம்பி?" என்றார்.