ராடு பிரேக்கில் ஆட்டத்தை (தளர்வை) எங்கே எடுப்பது?

எண்ணெய்க்குப் பதில் கம்பிகளால் (ராடு) பிரேக்கை இழுக்கும் பழைய காரில் பெடல் ஆழமாகப் போகத் தொடங்கியதும் பலரும் ராடைச் சுருக்கிவிடுகிறார்கள். பெடல் மேலே வந்துவிடும், ஆனால் பிரேக் வலு குறையும். ராடும், அது இழுக்கும் சக்கரத்தருகே உள்ள லிவரும் ஏறக்குறைய 90 டிகிரியில் நிற்கும்போதுதான் இழுவை முழுதாகக் கிடைக்கும். ராடைச் சுருக்கினால் லிவர் ஓய்விலேயே இழுக்கும் பக்கம் சாய்ந்துவிடும். மிதிக்கும்போது அந்தக் கோணத்தைத் தாண்டிப் போகும். உள்ளிருந்து அழுத்தும் ஷூவும் முழுதாகத் திரும்பாமல், சக்கரத்தோடு சுழலும் ட்ரம் சூடாகும். லைனிங் (ஷூவின் மேல் உள்ள உரசும் பட்டை) தேய்மானத்தைச் சக்கரத்தில் உள்ள அட்ஜஸ்டரில்தான் எடுக்க வேண்டும்.

சமதளத்தில் நான்கு சக்கரங்களையும் தூக்கி, ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் வையுங்கள். சேசிஸுக்கு அடியில் வைத்தால் ஆக்சில் தொங்கி, ராடின் அளவு பொய்யாகிவிடும். ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள்.

முதலில் ராடை லிவரோடு இணைக்கும் கிளெவிஸ் பின்கள். பாதிக் கோளாறு இங்கேதான். ஒவ்வொன்றையும் கழற்றி நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றுங்கள். துளை முட்டை வடிவானால் புதுப் பின் மட்டும் போதாது. ரீமரால் துளையை வட்டமாகப் பெரிதாக்கிப் புஷ் (உலோக வளையம்) இறக்க வேண்டும், அல்லது துளையை வெல்டிங்கில் நிரப்பி மறுபடி துளைக்க வேண்டும். சக்கரத்தருகே ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் பெடலில் பல மில்லிமீட்டராகப் பெருகும். பெடலின் இழுவையை ராடுகளுக்குப் பகிரும் கிராஸ் ஷாஃப்ட்டின் புஷ்ஷையும் ஆட்டிப் பாருங்கள்.

ட்ரம்மைக் கழற்றினால் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடையுங்கள். ரிவெட் தலை மேற்பரப்பை நெருங்கினாலோ, லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தாலோ புது லைனிங்தான். எண்ணெய் ஊறியதைக் கழுவிப் பயனில்லை; சூடானதும் மறுபடி கசியும். எண்ணெயைக் கசியவிடும் ஆயில் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். ஷூக்களை விரிக்கும் கேமுக்குக் கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும்.

இப்போது ராடு. பெடல் தன் ஸ்டாப்பில் படிந்திருக்க, லிவரின் வெற்று ஆட்டத்தை மட்டும் கையால் எடுங்கள், ஷூ நகரக்கூடாது. அந்த நிலையில் கிளெவிஸ் பின், விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் ராடு குட்டை.

அடுத்து அட்ஜஸ்டர்: சக்கரம் பூட்டும் வரை திருகி, உரசலின்றிச் சுழலும் வரை தளர்த்துங்கள். பழைய ஃபோர்டு மாடல் ஏ காரில் ட்ரம்மின் பின்தட்டில் உள்ள சதுரத் தலையைத் திருப்பும்போது கிளிக் கையில் தெரியும்.

இங்கே அழுத்தத்தைச் சமமாகப் பங்கிட ஹைட்ராலிக் எண்ணெய் கிடையாது. சமநிலையை நாம்தான் அமைக்க வேண்டும். இதை அவசரப்படாமல் செய்யுங்கள். பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே கட்டை முட்டுக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். இடமும் வலமும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். மாடல் ஏ-யில் பின்சக்கரங்கள் சற்று முந்திப் பிடிக்கட்டும். ஒன்று கூடுதலாகப் பிடித்தால், அந்தச் சக்கரத்தின் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள், ராடைத் தொடாதீர்கள்.

கிளெவிஸ் பின்கள் கழன்றுவிடாமல் பூட்டும் ஸ்பிலிட் பின் எல்லாம் புதிதாகப் போடுங்கள். வெறிச்சோடிய சாலையில் மெதுவாக ஓட்டி, சில முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, ட்ரம்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் அதிகச் சூடு வீசினால் அங்கே ஷூ உரசுகிறது. ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் கேமையும் பாருங்கள்.