போன் பேசியதாக இ-சலான் வந்தால்

வண்டி ஓட்டும்போது போன் பேசியதாக இ-சலான் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் அந்த நேரத்து அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் அழைப்புகளையும் சேர்த்து எடுங்கள், இல்லையென்றால் அதில் பேசியிருப்பீர்கள் என்பார்கள். பழைய அழைப்புகள் போனில் நாளடைவில் அழிந்துவிடும். அபராதத்தைக் கட்டிவிட்டாலோ குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். சலான் படத்தைப் பெரிதாக்கி வண்டி எண்ணையும் நேரத்தையும் சரிபார்த்து, இ-சலான் தளத்திலேயே புகார் பதியலாம்.

மண்டபம் தாண்டி ராமேஸ்வரத்துக்கு மேப் பார்த்து வருகிறவர்களுக்கு இன்னொன்று: கவனம் சிதறாமல், வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்த 2020 அக்டோபரிலிருந்து விதியிலேயே இடமுண்டு.

படத்தில் போன் காதோடு ஒட்டியிருந்தால் எதுவும் எடுபடாது. பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுத்ததற்கு வந்த சலான் என்றால், அது வேறு கணக்கு.