எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு முடிந்தபின் போன் வழியே அறிகுறிகளைக் கண்காணிப்பது எப்படி

எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியைத் தணிக்க ஒரே வேளையில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), அல்லது 5 வேளையாக 20 கிரே, அல்லது 10 வேளையாக 30 கிரே கதிர்வீச்சு தருவார்கள். ‘கரண்ட் வைத்தாச்சு, வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லிவிடுவார்கள். பலன் அன்றே தெரியாது. வலி குறையத் தொடங்க ஒன்றிரண்டு வாரமும், முழுப் பலன் தெரிய நாலைந்து வாரமும் ஆகலாம். அந்த நாட்களில் நோயாளிக்கு நடப்பதை மருத்துவர் அறிய வீட்டிலிருந்து போகும் செய்தியைத் தவிர வேறு வழியில்லை.

கிளம்பும் முன்பே கேளுங்கள்: செய்தியைப் படிப்பவர் யார், எந்த நேரத்தில் படிப்பார், இரவில் எந்த எண்ணை அழைப்பது? இது தெரியாமல் எந்த ஆப்பையும் தொடங்காதீர்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் கீமோதெரபி பெற்ற 766 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. அறிகுறிகளை இணையம் வழியே தாங்களே தெரிவித்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். அறிகுறி மோசமானால் நர்ஸுக்கு உடனே எச்சரிக்கை போகும்படி அங்கே ஏற்பாடு இருந்தது. உங்கள் ஏற்பாட்டிலும் மறுமுனையில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

கதிர்வீச்சு தந்த இடம், சிகிச்சைக்கு முந்தைய வலி எண், மாத்திரைப் பட்டியல் மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். ஒப்பிட அடிப்படை இதுதான்.

முதல் 10 நாள் தினமும், பிறகு 8 வாரம் வரை வாரம் இருமுறை, ஒரே நேரத்தில் அனுப்பினால் நல்லது. செய்தி இப்படி இருக்கட்டும்:

‘நாள் 4. இடுப்பு வலி: இப்போது 3, நேற்றிலிருந்து அதிகபட்சம் 6. வேறிடம்: இல்லை. மார்ஃபின் 10 மி.கி.: வழக்கமானது 6, கூடுதல் 2. மலம்: முந்தாநாள். சிறுநீர்: சரி. வாந்தி, காய்ச்சல்: இல்லை. நடை: நேற்றுப் போலவே.’

எண்ணை நோயாளிதான் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் ஊகித்தால் பெரும்பாலும் தவறும். 0 முதல் 10 வரை என்பது பிடிபடாத பெரியவர்களிடம், ‘தாங்கவே முடியாத வலி ஒரு ரூபாய் என்றால், இப்போது எத்தனை பைசா?’ என்று கேட்டுப் பாருங்கள். படுத்திருக்கும்போது 2 என்பவர் எழுந்து உட்காரும்போது 8 என்பார். இரண்டையும் எழுதுங்கள்.

மாத்திரைக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். வலி 8-லிருந்து 5-க்கு வந்தது என்ற தகவல் தனியாக எதையும் சொல்லாது. மார்ஃபின் கூடாமல் வலி குறைந்திருந்தால் கதிர்வீச்சு வேலை செய்கிறது. அளவு இரட்டித்திருந்தால் குறைத்தது மார்ஃபினாக இருக்கலாம். மாத்திரை கூடாமல் 2 புள்ளியாவது இறங்கினால் பலன் என்று கணக்கு வைப்பார்கள்.

முதல் சில நாட்களில் வலி திடீரென ஏறக்கூடும். நோய் முற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ஓரிரு நாளில் தணிந்துவிடும் எரிச்சல் இது. வழக்கமான வேளைக்கு இடையே வலி ஏறினால் தரும் கூடுதல் மார்ஃபினை மருத்துவர் சொன்னபடி கொடுத்து, எத்தனை முறை கொடுத்தீர்கள் என எழுதுங்கள். இதைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தந்திருந்தால் காலையில் சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை அளவையும் செய்தியில் சேருங்கள். முதுகின் நடுப்பகுதியில் கதிர்வீச்சு தந்திருந்தால் ஓரிரு வாரத்தில் விழுங்கும்போது வலிக்கலாம். கீழ்முதுகு, இடுப்பு என்றால் வயிற்றுப்போக்கு வரலாம். மார்ஃபின் இருக்கும்வரை மலமிளக்கி தினமும் வேண்டும். 3 நாள் மலம் போகாவிட்டால் அடுத்த செய்திக்குக் காத்திராமல் கேளுங்கள்.

இனி வருபவற்றுக்குச் செய்தி அனுப்பிக் காத்திருக்கக் கூடாது, உடனே அழைக்க வேண்டும்.

கால் தளர்ச்சி, மரத்துப்போதல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, அறியாமல் மலம் போவது, நெஞ்சையோ வயிற்றையோ பட்டை கட்டி இறுக்குவது போன்ற முதுகுவலி: தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அசைக்காமல் நேராகப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. தேவை. சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிந்தவர்தான் பிறகும் நடக்கும் வாய்ப்பு அதிகம், அதனால் ஒரு இரவுகூடத் தள்ளிப்போடாதீர்கள். முதுகெலும்பில் நோய் உள்ளவரைத் தினமும் படுக்கையில் இரண்டு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். நேற்றைவிடத் தாழ்ந்தால் அதுவே தகவல்.

திடீர் வலியுடன் காலை ஊன்றவே முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கலாம். அதிக தாகம், குழப்பம், மலச்சிக்கல் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். எழுப்பினாலும் எழாமல் மூச்சு மெதுவானால் மார்ஃபின் மிகையாகியிருக்கலாம். அடுத்த வேளையைக் கொடுக்காமல் அழையுங்கள். கீமோவும் நடந்தால் 100.4 டிகிரி காய்ச்சலே அவசரம்.

இந்த முறை தடுமாறுவது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில். வலி குறைந்ததும் அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். பிறகு மோசமானால் ஒப்பிட எதுவும் இருக்காது. நல்ல நாளிலும் அனுப்புங்கள், ‘மாற்றமில்லை’ என்றாலும் எண்ணோடு. இரண்டு செய்தி தவறினால் மருத்துவமனையே அழைக்கும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், ஏனெனில் பலவீனமானவர்தான் முதலில் மௌனமாவார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாமல் தனி எண்ணுக்கே அனுப்புங்கள்; குழுவில் புதைந்துபோகும், அந்தரங்கமும் போகும். நீண்ட குரல் பதிவை நர்ஸ் தேடிக் கேட்க நேரமிராது, எழுத்தே மேல். ஸ்மார்ட்போன் இல்லாவிட்டால் குறித்த நேரத்தில் அழைத்து அதே வரிசையில் வாசித்தால் போதும். தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டுக்கு வந்தால் அவரிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

நாலாவது வாரம் முடிந்ததும் எல்லாச் செய்திகளையும் தேதிவாரியாகத் தொகுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இறங்காவிட்டாலோ, இறங்கி மீண்டும் ஏறினாலோ அதே இடத்துக்கு மறுபடி கதிர்வீச்சு தரலாமா என்று அதை வைத்தே பேச முடியும். வேறொரு எலும்பில் புது வலி வந்தால் அதற்குத் தனிப் பத்தி திறந்து, மறுபடி தினமும் அனுப்பத் தொடங்குங்கள்.